முதலில் நெருப்பா, நீரா?

செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் இருக்கும் தெருக்களுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்பே மூக்கு விழித்துக்கொள்ளும். ஊறிய உமி, சூடான தவிடு, லேசான புளிப்பு எல்லாம் கலந்த, நெல் அவியும் வாசனை. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் இந்த ஊர் தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நெல் மண்டிகளில் ஒன்று. லாரிகளில் வந்து இறங்கும் நெல் இங்கே ஊறி, வெந்து, காய்ந்து, அரிசியாகி, மாநகரத்தின் இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போகிறது.

இங்கிருந்து கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சாப்பாட்டுக்காக அந்த வழியில் போகிறவர்கள் குறைவு. இரு பக்கமும் கிடங்குகள், கன்டெய்னர் லாரிகள், இரும்பு ஆலைகளின் புகைபோக்கிகள். ஆனால் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் என்று கிழக்கிந்தியாவே வந்து உழைக்கும் சிப்காட் தொழிற்பேட்டை இந்தச் சாலையில்தான் இருக்கிறது. போரிலிருந்து தப்பி வந்த இலங்கைத் தமிழரின் முகாமும் இங்கேதான். கிழக்கே கொஞ்சம் விலகினால் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய பழவேற்காடு. மாநில எல்லையைத் தாண்டினால் ஜப்பானிய ஆலைகள். ஆசியச் சமையல் எப்படி உருவானது என்று பார்க்க நினைக்கும் பயணிக்கு இதைவிட நல்ல சாலை தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தச் சாலையில் சந்திக்கும் சமையல்களுக்கு இடையே பொருளில் அவ்வளவு வேறுபாடு கிடையாது. அதே அரிசி, அதே கோதுமை, அதே கடலை, அதே கடுகு. அந்தப் பொருள்மீது முதலில் நீர் படுகிறதா, நெருப்பு படுகிறதா என்ற வரிசைதான் வேறு. வரிசை மாறினால் பொருளுக்குள் நடக்கும் வேதியியலே மாறிவிடுகிறது.

செங்குன்றத்து நெல்லையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசிக்கு நெல்லைக் காயவைத்து நேராக ஆலையில் போடுகிறார்கள். நீரும் நெருப்பும் பிறகுதான், நம் வீட்டு அடுப்பில். புழுங்கலுக்கு அப்படியில்லை. உமி போகும் முன்பே நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, மறுபடி காயவைக்கிறார்கள். ஊறும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்கள் நீரில் கரைந்து அரிசியின் உள்பக்கம் நகர்கின்றன. ஆவி படும்போது மாவுச்சத்து இளகி அவற்றை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. பிறகு ஆலையில் தவிட்டைத் தீட்டி எடுத்தாலும், தவிட்டின் சத்தில் ஒரு பங்கு அரிசியோடு தங்கிவிடுகிறது. ஆறிய மாவுச்சத்து இறுகிவிடுவதால் அரிசி உடைவதும் குறைகிறது, சோறு ஒட்டாமல் உதிரியாக வருகிறது.

நம் முன்னோர் வைட்டமினை நினைத்து நெல்லை அவித்திருக்க முடியாது. உமி சுலபமாக நீங்கும், அரிசி உடையாது, பூச்சி அதிகம் அண்டாது என்பவைதான் கண்ணுக்குத் தெரிந்த லாபங்கள். கண்ணுக்குத் தெரியாத லாபம் என்னவென்று தெரிந்தது வேறொரு நாட்டில், நம் ஆட்களின் உடம்பில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், அதே வறுமையில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மருத்துவராக இருந்த லெனர்டு பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் நீராவி ஆலைகளில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியைச் சாப்பிட்டார்கள். தமிழர்கள் புழுங்கலரிசி தவிர வேறு அரிசியைத் தொட மறுத்தார்கள். 1907-இல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். தீட்டிய அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் எண்ணம். காரணம் தவறு, கவனிப்பு மிகச் சரி.

அதைச் சோதிக்க ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதே மாநிலத்தின் காட்டுக்குள் சாலை போட வந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஒரு அணிக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல். வெள்ளை அரிசி தின்ற அணியில்தான் பெரிபெரி வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அணி மாறியது. கூலிக்கு வந்தவர்களின் உடம்புதான் அன்றைக்கு ஆய்வுக்கூடமாக இருந்தது. அந்த 300 பேரில் ஒருவர் பெயரும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டச்சுக்காரர்களின் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் ஐக்மன் என்ற மருத்துவர் கோழிகளிடம் இதே உண்மையின் நுனியைப் பிடித்திருந்தார். தீட்டிய அரிசிச் சோறு போட்டால் கோழிக்குக் கால் விளங்காமல் போகும். தவிட்டோடு கொடுத்தால் எழுந்து நடக்கும். இதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1926-இல் அதே பட்டேவியாவில் யான்சன், டொனாத் இருவரும் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். தயமின், பி1 வைட்டமின். அதன் அமைப்பைக் கண்டறிந்து 1936-இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் நெல்லூர். செங்குன்றத்தில் நாம் நிற்கும் இந்த நெடுஞ்சாலையில் வடக்கே போனால், அதே பகலில் போய்ச் சேரக்கூடிய நெல்லூர்தான். மிஷனரித் தம்பதிக்கு 1886-இல் அங்கே பிறந்தவர். பெரிபெரியை அவர் முதலில் எதிர்கொண்டது மணிலாவில். அரிசித் தவிட்டின் சாறு கொடுத்துச் சாகக் கிடந்த குழந்தைகளைப் பிழைக்கவைத்ததை அங்கே பார்த்தார். அதன்பின் கால் நூற்றாண்டு அந்தப் பொருளைத் துரத்தினார்.

பட்டேவியா என்றதும் பழவேற்காட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. பொன்னேரி வழியாகக் கிழக்கே போகும் சாலை ஏரிக்கரையில் முடிகிறது. இறாலும் நண்டும் ஏலம் போகிற சந்தடிக்குப் பக்கத்திலேயே, எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் வாசலில் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம். 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். அவர்களுக்கு வேண்டியது மொலுக்கஸ் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரர்களோ வெள்ளிக்காசைவிடத் தமிழகத்து நெசவுத் துணியை விரும்பினார்கள். ஆக, இந்தக் கரையில் துணி வாங்கி, அங்கே கொடுத்து, மசாலா வாங்கினார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள். பட்டேவியாவின் வீடுகளில் அடுப்படி வேலை பார்த்தவர்களில் இந்தக் கரையிலிருந்து பிடித்துப்போன பெண்களும் இருந்திருப்பார்கள். இந்தோனேசியச் சமையலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

டச்சுக்காரர்களுக்கு முன்பே இங்கே போர்த்துக்கீசியர்கள் குடியிருந்தார்கள். அமெரிக்கக் கண்டங்களின் மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். அதற்கு முன் தமிழ்ச் சமையலில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். எங்கிருந்தோ வந்த ஒரு காய் சில தலைமுறைகளுக்குள் இந்தியா, இலங்கை, சயாம், சீனத்தின் சிச்சுவான் வரை அடுப்படிகளைப் பிடித்துக்கொண்டது எப்படி? விலை ஒரு காரணம். மிளகுக்கு மேற்கு மலையின் மழையும் நிழலும் வேண்டும். மிளகாய் பழவேற்காட்டு மணலிலும் குடிசைக் கொல்லையிலும் காய்க்கும். இன்னொரு காரணம் நம் நாக்கிலேயே இருக்கிறது. டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1997-இல் நரம்பு நுனிகளில் ஒரு புரதத்தை அடையாளம் கண்டார். டி.ஆர்.பி.வி.1 என்பது அதன் பெயர். உடம்பு சுடும்போது, சுமார் 43 டிகிரிக்கு மேல், ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. மிளகாயின் கேப்சைசின், சூடு இல்லாமலேயே அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. 2021-இல் ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். மிளகின் பைப்பரினும் இஞ்சியின் ஜிஞ்சராலும் திறப்பது அதே பூட்டைத்தான். மிளகாய் நம்மிடம் வந்தபோது அது புதிய சுவையாக வரவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக மிளகு பழக்கியிருந்த உணர்வைப் பல மடங்கு வீரியத்தோடும் சல்லிசாகவும் கொடுத்தது.

பொருள் மூட்டையில் தனியாகக் கடல் கடந்துவிடும். மிளகாய் விதையோடு எந்த அமெரிக்கப் பழங்குடிச் சமையல்காரரும் பழவேற்காட்டுக்கு வரவில்லை. பக்குவத்துக்கு ஆள் வந்தாக வேண்டும்.

கும்மிடிப்பூண்டி முகாமில் அதைப் பார்க்கலாம். 1990-களிலிருந்து இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் இது ஒன்று. 2021-இல் அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அங்கே ஒரு வீட்டு வாசலில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அரிசி மாவு இல்லை, கோதுமை மா. நாம் மைதா என்போமே, ஏறக்குறைய அதுதான். வெள்ளைத் துணியில் மாவைக் கட்டி, தண்ணீர் சேர்க்காமல், அப்படியே ஆவியில் வைத்திருந்தார். வெளியே எடுத்தபோது அது கட்டியாக இறுகியிருந்தது. சூடு ஆறும் முன் குத்தி உடைத்து அரிதட்டில் அரித்தார். அதன்பிறகுதான் உப்பும் கொதிநீரும். உரலில் இட்டு அழுத்தியபோது இழை இழையாகத் தட்டில் இறங்கியது, அறுபடவே இல்லை.

“மாவை முதல்ல அவிக்கோணும் தம்பி. அவிக்காட்டி கையோட இழுபடும், உரலுக்கால வராது.”

அவர் சொன்னதன் வேதியியல் இது. கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள். மாவில் நீர் விட்டுப் பிசைந்தால் இரண்டும் கைகோத்து குளூட்டன் என்ற வலையாகின்றன. பரோட்டா மாவு விசிறப்படும்போது கிழியாமல் விரிவது அந்த வலையால்தான். இடியப்பத்துக்கு அது எதிரி. முதலில் ஆவியில் வைத்தால் புரதம் வெந்து தன் வடிவத்தை இழக்கிறது. பிறகு எவ்வளவு நீர் விட்டாலும் வலை பின்னாது. அதேநேரம் மாவுச்சத்து முழுதாக வெந்துவிடவும் இல்லை, ஏனென்றால் அது இளகப் போதிய நீர் துணிக்குள் கிடையாது. அரிசி மாவைப்போல் நடந்துகொள்ளும் கோதுமை மாவு இப்படித்தான் கிடைக்கிறது.

இலங்கைத் தமிழர் ஏன் கோதுமையை அரிசியாக்கப் பார்த்தார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. இலங்கை தன் அரிசியில் பெரும்பகுதியை பர்மாவிலிருந்து வாங்கியது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தவுடன் அந்த வழி அடைபட்டது. பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமை மா வந்தது. பிட்டும் இடியப்பமும் விட முடியாத உணவுகள், கையில் இருப்பதோ அவற்றுக்கு ஒத்துவராத மா. மாவை அவிக்கும் வழி அந்த நெருக்கடியில் வீட்டுக்கு வீடு வேரூன்றியது. இன்று ரேஷனில் அரிசி கிடைக்கும் நாட்டில் இருந்துகொண்டும் அந்த அம்மா கோதுமை மாவை அவிக்கிறார். அவருக்கு அதுதான் ஊர் ருசி. கூடவே தேங்காய்ப்பால் சொதி, இடித்த சம்பல்.

இதற்கு நேர் எதிரான வேலையைச் சீனர்கள் அதே கோதுமையில் செய்தார்கள். நூடுல்ஸ் மாவில் அவர்கள் விடும் காரக் கரைசல், நம் அப்பளக்காரத்துக்கு உறவு. அது குளூட்டன் வலையை இன்னும் முறுக்குகிறது, மாவை மஞ்சளாக்குகிறது. நூடுல்ஸ் பர்மாவுக்குப் போய், 1960-களில் அங்கிருந்து திரும்பிய தமிழர்களோடு அத்தோவாக வடசென்னை வந்து சேர்ந்தது. வாழைத்தண்டு சூப்போடு அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ருசியை நான் சொல்ல வேண்டியதில்லை.

முகாமிலிருந்து சிப்காட் பக்கம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஓர் அறைக்குப் பலராகத் தங்கியிருக்கும் வரிசை வீடுகள். காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அடுப்பு மூட்ட நேரமில்லை. பீகார்க்காரர் ஒரு டம்ளரில் சத்து மாவைப் போட்டு, தண்ணீர், உப்பு, எலுமிச்சை, பச்சை வெங்காயம் சேர்த்துக் கலக்கிக் குடித்துவிட்டுப் போகிறார். அது வறுத்த கடலையின் மாவு. நம் பொட்டுக்கடலையைத் திரித்தால் ஏறக்குறைய அதேதான் வரும். பச்சைக் கடலை மாவை இப்படிக் குடித்தால் வயிறு தாங்காது, கடலையில் இருக்கும் செரிமானத் தடைப் புரதங்கள் வேகாமல் அப்படியே இருக்கும். சத்து மாவிலோ நெருப்பு ஊரிலேயே, மணலில் வறுத்தபோதே பட்டுவிட்டது. இனி நீர் போதும். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உணவு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

பக்கத்து அறை ஒடிசாக்காரர்கள் சாப்பிடுவதைப் பார்த்தால் நமக்கு விளக்கமே வேண்டாம். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அது பக்காளா, பூரி ஜகந்நாதருக்கே படைக்கும் உணவு. வங்காளத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத், நமக்குப் பழைய சோறு. வங்கக் கடலைச் சுற்றி நெல் விளையும் வெக்கை பூமி முழுதும் இதைக் கண்டுபிடித்திருக்கிறது. யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்திருக்கத் தேவையில்லை. வெந்த சோறு, நீர், இரவு முழுக்க 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் இருந்தால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிடும்.

இட்லியிலும் இதே வகை பாக்டீரியாக்கள்தான். ஆனால் அங்கே நீர் முதலில், புளிப்பு நடுவில், நெருப்பு கடைசியில். இட்லிப் பானையின் ஆவியில் அவை மடிந்து, செய்துவைத்த உப்பலும் புளிப்பும் மட்டும் நமக்கு மிஞ்சுகின்றன. பழைய சோற்றில் நெருப்பு முதலில் முடிந்துவிடுகிறது. கடைசியாக வந்த நுண்ணுயிர்கள் உயிரோடு நம் குடலுக்குப் போகின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோற்றால் என்ன பலன் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஏழை வீட்டுச் சாப்பாடு என்று ஒதுக்கிய ஒன்று அரசு மருத்துவமனையின் ஆய்வுப் பொருளானதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இனி கடுகு. மாலையில் ஷிஃப்ட் முடியும் நேரம், சிப்காட் சுற்றுவட்டாரத்தில் கரி அடுப்பில் லிட்டி சுடுவார்கள். சத்து மாவைப் பூரணமாக வைத்த கோதுமை உருண்டை அது. தொட்டுக்கொள்ள சோக்கா. கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் சுட்டு மசித்து, பூண்டும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, கடைசியில் பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றுகிறார்கள். முதல் வாயிலேயே மூக்கின் உச்சியில் ஒரு அடி விழும். நம்மூர்க்காரர்கள் பலர் அந்த ஒரு வாயோடு கையைக் கழுவிவிடுவார்கள். கடுகை நாள்தோறும் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்கள் நாம். அப்படியும் அந்த நெடி நமக்கு அந்நியம்.

கடுகுக்குள் சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. தனியாக இருக்கும்வரை நெடி கிடையாது. கடுகை நசுக்கி ஈரம் பட்டால்தான் இரண்டும் சந்தித்து அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் பிறக்கும். மிளகாய்க் காரம்போல் அது நாக்கிலேயே தங்காது. சட்டென்று ஆவியாகி மூக்குக்கு ஏறும், நரம்பில் தொடும் புரதமும் வேறு, டி.ஆர்.பி.ஏ.1. கண்ணில் நீர் வரவைத்துவிட்டு அரை நிமிடத்தில் காணாமல் போகும்.

நம் தாளிப்பில் முழுக் கடுகு நேராகக் காய்ந்த எண்ணெயில் விழுகிறது. உள்ளே இருக்கும் துளி ஈரம் ஆவியாகி, கடுகு வெடிக்கிறது. நொதி அந்த நொடியே வெந்து செத்துவிடுகிறது. சினிகிரின் இருந்தும் அதை உடைக்க ஆளில்லை. வறுத்த பருப்பின் மணம்தான் மிஞ்சுகிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்கிறோம், ஆனால் அந்தக் காரம் போகவேண்டும் என்பதற்காகவே நம் வீடுகளில் ‘கடுகு வெடிக்கட்டும்’ என்று காத்திருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியின் தெலுங்கு பேசும் வீடுகளில் இரண்டு வழியும் உண்டு. குழம்புக்குத் தாளிப்பார்கள். ஆவக்காய்க்கு மட்டும் பச்சைக் கடுகைப் பொடித்து மாங்காயோடு சேர்ப்பார்கள். மாங்காயின் ஈரத்தில் நொதி விழித்து வேலை செய்கிறது. பிறக்கும் காரப்பொருள் பூஞ்சையையும் கிருமியையும் விரட்டுவதால், ஊறுகாய் கெடாமல் இருப்பதில் உப்போடும் எண்ணெயோடும் அதற்கும் பங்குண்டு.

ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீசிட்டி. 2016-இல் அங்கே இசுசு ஆலை தொடங்கியது. வேறு ஜப்பானிய நிறுவனங்களும் இருக்கின்றன. பொன்னேரிப் பக்கம் மஹிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் சேர்ந்து அமைத்த தொழிற்பூங்காவும் உண்டு. ஜப்பானியர் பச்சை மீனோடு சாப்பிடும் வசாபியின் நெடியும் அல்லைல் ஐசோதயோசயனேட்தான், அணு பிசகாமல் அதே மூலக்கூறு. அங்கே கிழங்குபோன்ற தண்டைச் சாப்பிடும் நேரத்தில்தான் துருவுகிறார்கள், சில நிமிடங்களில் நெடி பறந்துவிடும் என்பதால். வெளிநாடுகளில் வசாபி என்ற பெயரில் குழாயில் வருவது பெரும்பாலும் பச்சை நிறமேற்றிய குதிரைமுள்ளங்கியும் கடுகும்தான். பீகாரின் உருக்காலைத் தொழிலாளியும் ஜப்பானிய மேலாளரும் வெவ்வேறு தட்டில் சாப்பிட்டாலும், இருவர் மூக்கிலும் ஏறுவது ஒரே பொருள்.

நம்ப முடியாவிட்டால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு ஸ்பூன் கடுகை மிக்ஸியில் பொடித்து இரண்டு கிண்ணத்தில் பாதிப் பாதியாகப் போடுங்கள். ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றதில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் குழைத்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு திறந்து மோந்து பாருங்கள். கொதிநீர்க் கிண்ணத்தில் தானிய வாசனைதான் இருக்கும். பச்சைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள்.